ஒன்பதாம் தொட்டி மாமன்

மூணாம் தொட்டியில இருந்த நீலக்கரைப் புழு செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில. அந்தச் சேதி மத்த தொட்டிகளுக்கு எப்படிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்கல, ஏன்னா எங்க ஊர்ல சாவுச் சேதி எப்படிப் போகுதுன்னு யாரும் கேட்கிறதில்ல, அது போயிரும், அவ்வளவுதான். நான் மட்டிச் சிப்பியோட சதையை நறுக்கி வாளியில எடுத்துக்கிட்டு உள்ள போனப்ப, மிச்சமிருந்த பத்துத் தொட்டியிலயும் புழுக்கள் எல்லாம் தெக்குச் சுவரோரமா ஒதுங்கி, சாவு விழுந்த துட்டி வீட்டுல ஆம்பளைங்க துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருப்பாங்களே அந்த மாதிரி ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ஒட்டிக் கிடந்துச்சு. சாப்பாட்டைப் போட்டேன், ஒண்ணும் திரும்பிப் பார்க்கல.

"தீட்டு விழுந்திருச்சு டாக்டரம்மா"ன்னேன்.

டாக்டரம்மா தண்ணியில உப்பு எவ்வளவுன்னு பார்க்கப் போனாங்க.

என் பேரு முத்துராக்கு. சங்குத்திட்டுல பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்துல நடக்கிற புழு ஆபீஸ்ல வேலை. போர்டுல ரெண்டு வரிக்கு வேற பேரு எழுதியிருக்கு, அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும், அதனால ஊருக்கு அது புழு ஆபீஸ். கடல்தண்ணி மாத்தறது, மட்டி உரிக்கிறது, தொட்டி தேய்க்கிறது என் வேலை. வயசு முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகலை. ஏன் ஆகலைன்னு கேட்கிறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல, ஆனா கதையே அதுதாங்கிறதால இப்பவே சொல்லிடறேன். எனக்கு நம்புராஜனைக் கட்டிக்கணும், நம்புராஜனுக்கு என்னைக் கட்டிக்கணும், ரெண்டு பேரும் பதினாலு வருஷமா அதைச் சொல்லிக்கிட்டே இருக்கோம், ஊரும் பதினாலு வருஷமா கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, ஏன்னா அவரு எனக்கு அண்ணன் முறை.

கூடப் பிறந்த அண்ணன் இல்ல, பெரியப்பன் மகன் இல்ல, சித்தப்பன் மகனும் இல்ல. ஏழு தலைமுறைக்கு முன்னாடி மூணு ஆளு ஒரே வள்ளத்துல வந்தாங்களாம், வள்ளம் பாறையில மோதி உடைஞ்சு ஒருத்தன் செத்தானாம், மிச்ச ரெண்டு பேரும் அவனை மணல்ல புதைச்சு, சேர்ந்து மொட்டை போட்டு, பதினாறு நாள் மீன் கவுச்சி தொடாம ஒண்ணாத் தீட்டுக் காத்தாங்களாம். அந்த ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா, இல்ல ஒருத்தன் முதலாளி ஒருத்தன் கூலியா, இல்ல வழியில கை காட்டி ஏறினவனான்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணாத் தீட்டுக் காத்தாங்க, அதனால பங்காளி. அந்த ரெண்டு பேர் வழியில இன்னிக்கு இருபத்திரண்டு வீடு, ஒரு வீட்டுல சாவு விழுந்தா இருபத்திரண்டு வீட்டுக்கும் தீட்டு, இருபத்திரண்டு வீட்டுக்குள்ள பொண்ணு குடுக்கவும் கூடாது எடுக்கவும் கூடாது. எங்க வீடு ஒருத்தன் வழி, நம்புராஜன் வீடு இன்னொருத்தன் வழி.

ஊரைக்கூடச் சமாளிச்சிருக்கலாம். எங்க அண்ணன் களஞ்சியத்தை முடியல. அண்ணனும் நம்புராஜனும் பதினஞ்சு வயசுல இருந்து ஒரே வள்ளத்துல தொழிலுக்குப் போறவங்க. "அவன் என் தம்பி. தம்பிக்குத் தங்கச்சியக் கட்டிக் குடுப்பாங்களா"ன்னு பதினாலு வருஷத்துக்கு முன்னாடி கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டே கேட்டாரு, அதுல ஒரு சொல்லை இன்னிக்கு வரைக்கும் மாத்தல.

டாக்டரம்மா பேரு உமையாள், காரைக்குடிப் பக்கம், என்னைவிட ஏழு வயசு சின்னவங்க. நீந்தத் தெரியாது. தண்ணி உள்வாங்கி வத்தக்கடலா இருக்கிறப்ப சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, ஒரு பெயிண்ட் பிரஷும் நாலு டப்பாவும் எடுத்துக்கிட்டுப் பாறைக் குழிகளுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு தட்டைப்புழு பிடிப்பாங்க. எந்தத் தட்டைப்புழு எந்தத் தட்டைப்புழுவுக்கு என்ன உறவுன்னு கண்டுபிடிக்கிறதுதான் அவங்க வேலைன்னு தெரிஞ்சப்ப, புழு எந்தப் புழுவுக்கு என்ன உறவா இருந்தா யாருக்கு என்னன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. கேட்டவங்க ஒருத்தர் விடாம அரை மணி நேரம் நின்னு, சரி, எது எதுக்கு என்ன உறவுன்னும் கேட்டுட்டுத்தான் போனாங்க.

"முன்னாடி எல்லாம் பார்வைக்குத்தான்க்கா பிரிப்பாங்க. தட்டையா இருந்தா எல்லாம் ஒரு குடும்பம்"னு டாக்டரம்மா சொன்னாங்க.

"பாக்க ஒண்ணா இருந்தா சொந்தமாயிருமா?"

"அதைத்தான் பார்க்கணும். வாலோரமா ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, மரபணுவைப் படிக்கணும். வெட்டினா வலிக்குமோன்னு பாக்காதீங்க, மறுபடி வளர்ந்துரும்."

மரபணுங்கிறது தாய் தகப்பன் பிள்ளைக்கு எழுதிக் குடுக்கிற நகல், நகல் எடுக்கிறப்ப அங்கங்க தப்பு விழும், ஒரே தப்பு ரெண்டு பேர்கிட்ட இருந்தா ரெண்டும் ஒரே மூலத்துல இருந்து வந்ததுன்னாங்க. இது எனக்குப் புதுசு இல்ல. என் ரேஷன் கார்டுல எனக்கு வயசு அறுபத்தொண்ணு, எங்கம்மாவைவிட நான் ரெண்டு வயசு மூத்தவ. அந்தத் தப்பு ரேஷன் கார்டுல இருந்து பேங்க் பாஸ்புக்குக்குப் போச்சு, அங்க இருந்து காஸ் புக்குக்குப் போச்சு, ஓட்டர் கார்டுக்கு மட்டும் போகல. அப்ப ஓட்டர் கார்டு எழுதினவன் ரேஷன் கார்டைப் பார்த்து எழுதலை, அது வேற வழி. இதைச் சொன்னதும் டாக்டரம்மா என் ரேஷன் கார்டை வாங்கி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

இப்படி எல்லாத் தொட்டியிலயும் துணுக்கு வெட்டிச் சென்னைக்கு அனுப்பி, பதிலுக்காகக் காத்திருந்த நேரத்துலதான் நீலக்கரைப் புழு செத்து, மத்ததெல்லாம் தெக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தது.

டாக்டரம்மா உப்பைப் பார்த்தாங்க, சூட்டைப் பார்த்தாங்க, தண்ணியை மாத்தச் சொன்னாங்க, மட்டிக்குப் பதிலா இறால் நறுக்கிப் போடச் சொன்னாங்க. நோட்டுல உணவு மறுப்புன்னு எழுதினாங்க. நாலாம் நாள் அதை அடிச்சிட்டுத் தீட்டுன்னு எழுதினாங்க, அது எழுதச் சின்னதா இருந்துச்சு.

ஊருக்கு இதுல குழப்பமே இல்ல. மேலத்தெருப் பொம்பளைங்க அஞ்சாறு பேரு வந்து ஐஸ் கம்பெனி வராந்தாவுல உட்கார்ந்து துட்டி கேட்டாங்க. எத்தனை நாள் படுக்கையில கிடந்துச்சுன்னு ஒருத்தி விசாரிச்சா, ரெண்டு நாள்னேன், ரெண்டு நாள்ன்னா புண்ணியம் பண்ணின உயிருதான்னா. சாவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாதுன்னு டாக்டரம்மாவுக்கு மூணு நாளைக்கு எதிர்த்த வீட்டுல இருந்து சோறு வந்துச்சு, அவங்க சமையல் எப்படின்னு தெரிஞ்சவங்கிறதால நானும் தடுக்கல. கொள்ளி வைக்கிற முறை எந்தத் தொட்டிக்குன்னு ஒரு பேச்சு வந்து, நாலாம் தொட்டியும் ஏழாம் தொட்டியும் முகச்சாடையில ஒட்டி வருதுன்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, புழுவுக்கு முகம் எந்தப் பக்கம்னு டாக்டரம்மா காட்டினதும் ரெண்டு கட்சியும் கலைஞ்சது.

அம்பலம் சாத்தையா மட்டும் கவலையா இருந்தாரு. எங்க ஊருக்கு வழக்கு, வரி, கோயில் எல்லாத்துக்கும் அவருதான் அம்பலம். ஐஸ் கம்பெனிக் கட்டடம் நிக்கிறது கோயில் மண்ணு, கோயில் மண்ணுல தீட்டு இருந்தா திருவிழாவுக்குக் கொடி ஏத்த முடியாது, கொடியேத்தத்துக்கு இருபத்திநாலு நாள்தான் இருக்கு. கோயில் வாசல்ல கூட்டம் போட்டுப் பேசி, பதினாறு நாள் பொறுக்கிறதுன்னு முடிவாச்சு.

பதினாறாம் நாள் தொட்டி எல்லாம் கழுவி, புதுத் தண்ணி ஊத்தி, நல்ல மட்டியாப் பார்த்து நறுக்கிப் போட்டேன். ஒண்ணும் அசையல. பதினேழாம் நாளும் அசையல, பதினெட்டாம் நாளும் அசையல. இந்தச் சாதிப் புழு பட்டினி கிடந்தா சட்டுனு சாகாது, தன்னையே தின்னு தின்னு சின்னதாப் போகும், இது டாக்டரம்மா ஏற்கெனவே சொன்னதுதான், ஆனா சொல்லிக் கேட்கிறது வேற, உள்ளங்கை அளவு இருந்தது கட்டைவிரல் நகத்தளவு ஆகி, நகத்தளவு இருந்தது மிளகளவு ஆகிறதைப் பார்க்கிறது வேற. டாக்டரம்மா ஸ்கேலை வெச்சு அளந்து எழுதிக்கிட்டே இருந்தவங்க, ஒரு நாள் ஸ்கேலைக் கீழ வெச்சிட்டு, "மூணு வருஷ வேலைக்கா"ன்னு மட்டும் சொல்லி அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. புழுவுக்காகன்னு சொல்லலாம்.

அன்னிக்குச் சாயங்காலம் அம்பலம் வந்து தொட்டிகளைச் சுத்திப் பார்த்துட்டு, "உருமா கட்டலையே"ன்னாரு.

எங்களுக்கு உறைச்சது அப்பத்தான். பதினாறாம் நாள் ஆயிருச்சுங்கிறதால மட்டும் தீட்டுக் கழியாது. செத்தவங்களுக்குக் காரியம் பண்ற ஆளுக்கு மாமன் மச்சான் முறைக்காரன் ஒருத்தன் புதுத் துண்டு கொண்டாந்து தலையில உருமா கட்டணும், கட்டின பிறகுதான் பங்காளிங்க மீன் சாப்பிடலாம், வள்ளம் இறக்கலாம். ஒரு பங்காளிக்கு இன்னொரு பங்காளி கட்ட முடியாது. இங்க பத்துத் தொட்டியிலயும் இருக்கிறது பங்காளிங்கதானே, உருமா கட்ட மாமனுக்கு எங்க போக.

"இறாலை விட்டுப் பார்க்கலாமே. அது வேற வீடுதானே"ன்னு வாசல்ல நின்ன நம்புராஜன் சொன்னாரு.

விட்டோம். ஆறாம் தொட்டியில விட்ட இறாலு நேராப் போய் ஒரு புழுவைத் தின்னுட்டுது. மச்சான் முறைதான், ஆனாலும் அந்த அளவுக்கு உரிமை எடுத்திருக்க வேண்டாம்னு அம்பலம் சொன்னாரு. நடப்புத் தீட்டுல விழுந்த சாவு அதுலயே கழிஞ்சிரும்கிறதால நாள் கூடல, அது ஒரு நிம்மதி.

மறுநாள் சென்னையில இருந்து பதில் வந்துச்சு. டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல ரொம்ப நேரம் எதையோ வரிசைக்கு வரிசை ஒப்பிட்டுப் பார்த்துட்டு, கடைசியில ஒரு மரத்தைக் கொண்டாந்து நிறுத்தினாங்க. படுக்க வெச்ச முருங்கைக் கொப்பு மாதிரி ஒரு படம், கொப்பு நுனிக்கு ஒரு தொட்டி நம்பர். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து சேர்ந்து ஒரே கிளைக்குள்ள வந்துச்சு. ஒன்பதாம் நம்பர் மட்டும் சேரல. அது தூருக்குப் பக்கத்துல தனியாப் பிரிஞ்சு தன் பாட்டுக்கு நின்னுச்சு.

"ஒன்பதாம் தொட்டி இந்தக் குடும்பமே இல்லக்கா. மத்த நாடுகள்ல இதோட இனத்தை முன்னாடியே தனியாப் பிரிச்சிட்டாங்க. நம்ம பாறைக் குழியில இருக்கிறதும் அப்படித்தானான்னு பார்க்கத்தான் நான் வந்தேன்."

"அதுவும் தட்டையாத்தானே இருக்கு."

"தட்டையா மட்டும்தான் இருக்கு."

"அது தீட்டுக் காத்துச்சே டாக்டரம்மா. நான் பார்த்தேனே, வயிறு ஒட்டிக் கிடந்துச்சு."

அவங்க ஒன்பதாம் தொட்டிக்காரனைப் பூதக்கண்ணாடிக்கு அடியில வெச்சுப் பார்த்தாங்க. நெல்லளவு, பழுப்பு நிறம். அதுக்குக் குடலே கிடையாதாம். வாய் உண்டு, வாய்க்குள்ள போனது உடம்புச் சதையிலயே கரைஞ்சிரும், வயிறுன்னு ஒண்ணு தனியா இல்ல. சுவரோரம் ஒதுங்கினது வெளிச்சம் பிடிக்காம, மத்தபடி இத்தனை நாளும் வேளைக்கு வேளை தின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. மத்தப் புழுவுக்கெல்லாம் வயிறு உப்புறதைப் பார்த்துத் தின்னுச்சான்னு கணக்குப் பண்ற நான், வயிறே இல்லாதவனை விரதம்னு நம்பிட்டேன். தப்பு என் மேலதான்.

வராந்தாவுல இருந்தவங்ககிட்ட இதைச் சொல்லிட்டு வந்து வாளியைக் கழுவி வைக்கிறதுக்குள்ள அம்பலம் வந்துட்டாரு.

"பங்காளி இல்லையாமே?"

"இல்லைங்கய்யா"ன்னாங்க டாக்டரம்மா.

"அப்ப மாமன் மச்சான்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. அது ரொம்பத் தூரத்து உயிர். ஐம்பது அறுபது கோடி வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சது."

"எத்தனை வருஷமானா என்ன. பங்காளி இல்லாதவன் எல்லாம் மாமன் மச்சான்தான். மூணாவதா ஒண்ணு எங்க ஊர்ல கிடையாது."

டாக்டரம்மா வாயைத் திறந்தாங்க, தொட்டியில மிளகளவு கிடந்ததுகளைப் பார்த்தாங்க, மூடிக்கிட்டாங்க.

எல்லாத் தொட்டியில இருந்ததையும் பெரிய தொட்டி ஒண்ணுல சேர்த்து விட்டோம். அம்பலம் கொண்டாந்த புதுத் துண்டுல இருந்து ஒரு நூலை உருவித் தண்ணி மேல போட்டாரு. டாக்டரம்மா பிரஷ்ல ஒன்பதாம் தொட்டிக்காரனை எடுத்து நூலுக்குப் பக்கத்துல விட்டாங்க. அது நூலுக்கு அடியில போய், நூலை முதுகுல ஏத்திக்கிட்டு, தெக்குச் சுவரோரம் கிடந்த ஒவ்வொண்ணையும் ஒரு சுத்துச் சுத்தி, கடைசியா ஏழாம் தொட்டிக்காரன் மேல நூலை விட்டுட்டு மூலைக்குப் போச்சு. புழுக்கள் சுவரை விட்டு இறங்கி வந்து மட்டியைத் தின்ன ஆரம்பிச்சது. மணி பத்து நாப்பதுன்னு டாக்டரம்மா நோட்டுல எழுதினாங்க. கொள்ளி முறை ஏழாம் தொட்டிக்குத்தான்னு அன்னிக்கே சொன்னேன்லன்னு வராந்தாவுல ஒருத்தி சொன்னா.

குறிச்ச நாள்ல கொடி ஏறுச்சு. கோயில்ல இருந்து ஒன்பதாம் தொட்டிக்குத் பதிலுக்குச் சீர் வந்துச்சு, வெத்தலை, பாக்கு, ஒரு சில்லுத் தேங்காய். தேங்காயைத் தண்ணியில போட வேணாம்னு டாக்டரம்மா சொன்னதால நானே தின்னுட்டேன். அந்தப் பக்கம் போற வயசுப் பொண்ணுங்க சன்னல்ல எட்டி, மாமா சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போறது வழக்கமாச்சு, வரவங்களுக்கெல்லாம் பதில் சொல்றது என் தலையில விழுந்துச்சு.

திருவிழா முடிஞ்ச வாரம் நம்புராஜன் மட்டி கொண்டாந்து இறக்கிட்டு, போகாம நின்னாரு. ஊருக்கு முன்னாடி என்னைத் தங்கச்சின்னு கூப்பிடணும்கிறதால பதினாலு வருஷமா அவரு என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடறதில்ல.

"ஒன்பதாம் தொட்டிக்குப் பார்த்த மாதிரி நமக்கும் பார்க்கச் சொல்லேன்"னாரு.

நான் டாக்டரம்மாவைக் கேட்டேன். அவங்க கையில இருந்த பூதக்கண்ணாடியைத் துடைச்சாங்க, மறுபடி துடைச்சாங்க.

"உங்க ரெண்டு பேர் எச்சியையும் அனுப்பலாம்க்கா. ஆனா அது எவ்வளவு தூரம்னுதான் சொல்லும், என்ன முறைன்னு சொல்லாது. கொஞ்சம் கீழ இறங்கிப் போனா இந்த ஊரே ஒரு குடும்பம். இன்னும் இறங்கினா நீங்களும் நானும். இன்னும் இறங்கினா நாமளும் இந்தத் தொட்டியும். எங்க கோடு போடறதுன்னு காகிதத்துல இருக்காது."

அதை அப்படியே போய் அம்பலத்துக்கிட்டச் சொன்னேன். அவரு வாயில இருந்த வெத்தலையை மென்னு முடிக்கிற வரைக்கும் யோசிச்சாரு.

"அவ்வளவு கீழ இறங்கினா உலகத்துல யாரும் யாரையும் கட்ட முடியாது. அந்த அளவுக்கு இறங்க வேணாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் முத்துராக்கு. தீட்டுக் காக்கிறவன் பங்காளி. ஒன்பதாம் தொட்டி காக்கல, மாமனாச்சு. நீ காக்கிறே, உன் அண்ணன் காக்கிறான், நம்புராஜன் காக்கிறான்."

"நீங்க காக்கச் சொல்றீங்க, காக்கிறோம்."

"புழுவை யாரு காக்கச் சொன்னா?"

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஐப்பசியில நம்புராஜனோட அம்மா பஞ்சவர்ணம் தவறிப் போனாங்க. எனக்கு அவங்க எதிரி இல்ல. கூடாதுன்னு ஊர் சொன்ன அன்னிக்கு அவங்களும் கூடாதுன்னு தலையாட்டினாங்க, அன்னிக்கே எனக்கு ஒரு தூக்கு நிறைய நண்டுக் குழம்பும் குடுத்துவிட்டாங்க. பிணத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து வயிறு வலிக்க அழுதேன். எடுத்துட்டுப் போனதும் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கிட்டு, சேலை மாத்திக்கிட்டு, கூடையை எடுத்துக்கிட்டு பங்காளி இல்லாத மேலத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ வெளமீன் வாங்கிட்டு வந்தேன்.

அண்ணன் வீட்டோட ஒட்டின ஒத்தை அறைதான் என் வீடு, தனி அடுப்பு. இருபத்திரண்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சு கிடக்கு, என் ஒருத்தி அடுப்புல மீன் பொரியுது. அண்ணி சன்னலைச் சாத்துறது கேட்டுச்சு. அழுதுக்கிட்டேதான் மீனைத் திருப்பிப் போட்டேன். இத்தனை வருஷமும் பெரியம்மான்னு கூப்பிட்ட வாயால அத்தைன்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், ஆள் போன பிறகு. முதல் வாயைத் தண்ணியைக் குடிச்சு இறக்கினேன்.

மறுநாள் ஊளி, அடுத்த நாள் நகரை, அதுக்கு அடுத்த நாள் சீலாக் கருவாடு. முதல் நாள் பங்காளி வீட்டுப் பொம்பளைங்க வாசல்ல நின்னு வாய்க்கு வந்தபடி பேசினாங்க, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். அஞ்சாம் நாள் பேச்சு நின்னுச்சு. எட்டாம் நாள் ஒருத்தி வந்து, கேட்கக் கூடாதுதான், இன்னிக்கு என்ன மீனுன்னு கேட்டா. பன்னண்டாம் நாள் தலைவலின்னு நான் உச்சி வரைக்கும் அடுப்புப் பத்த வைக்காமப் படுத்திருந்தப்ப, ஏ ராக்கு, இன்னிக்கு இன்னும் பொரிக்கலையே, நாள் விட்டுப் போச்சுன்னா இத்தனை நாள் தின்னது வீணாப் போயிருமேன்னு திட்டினவளே வந்து கதவைத் தட்டினா. அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை பேசல. தினமும் வாசல்ல உட்கார்ந்து, கிழியாத வலையைப் பொத்திக்கிட்டிருந்தாரு.

பதினாறாம் நாள் வந்துச்சு. உருமா கட்ட ஆள் இல்ல. மேலத்தெருவுல மாமன் முறைக்கு ஆள் உண்டு, ஆனா மனுஷனுக்குப் பொண்ணு எடுத்த வீடோ குடுக்கிற வீடோதான் கட்டணும். பஞ்சவர்ணத்துக்கு ஒரே தம்பி, பிள்ளை இல்லாம முன்னாடியே கடலோட போயிட்டாரு. நம்புராஜன் கல்யாணம் ஆகாதவரு, மச்சானுக்கு எங்க போவாரு. பிறந்த வீட்டு ஆள் வர்ற வரைக்கும் தீட்டு நீளும்னு அம்பலம் சொல்லிட்டாரு, வர ஆள் இல்லைன்னு அவருக்கும் தெரியும். இருபத்திரண்டு வீட்டு வள்ளமும் கரையிலயே கிடந்துச்சு. நம்புராஜன் தெக்கே பார்த்து உட்கார்ந்தவரு கஞ்சித் தண்ணியைத் தவிர எதையும் தொடல. அதுல இருந்துதான் அவரு குறைய ஆரம்பிச்சாரு.

இளைச்சாருன்னு சொல்லல, குறைஞ்சாருன்னு சொல்றேன். நிலைப்படியில தலை இடிச்சுக்கிட்டே வளர்ந்த மனுஷன் இடிக்காம உள்ள போனாரு. வேட்டியை ஒரு மடிப்புக் கூடுதலா மடிச்சுக் கட்டினாரு, ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு மடிப்பு. துட்டி கேட்க வந்த டாக்டரம்மா, பேச்சுக் குடுத்துக்கிட்டே அவரு முதுகுக்குப் பின்னாடி சுவத்துல தலை உயரத்துக்கு நகத்தால ஒரு கோடு கீறிட்டுப் போனாங்க. மறுநாள் வந்து பார்த்தா கோடு ரெண்டு விரக்கடை மேல நின்னுச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சீக்கிரம்க்கா"ன்னாங்க.

இருபதாம் நாள் காலையில நான் அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தப்ப அம்பலம் வாசல்ல வந்து நின்னாரு.

"முத்துராக்கு, இருபது நாளா ஒரு நாள் விடாமக் கவுச்சி சாப்பிட்டிருக்கே. ஊரே சாட்சி. நீ பங்காளி இல்ல. ஒத்துக்கிறேன்."

"அப்ப நான் உருமா கட்டறேன்."

"பொம்பளை கட்டற வழக்கம் இல்ல. அதை மாத்த நான் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன். பொண்ணு குடுக்கிற வீடுன்னு உன் அண்ணன் கட்டலாம். ஆனா அவன் தீட்டுக் காத்துட்டிருக்கான். காக்கிறவன் கட்ட முடியாது"ன்னு சொல்லிட்டு, சட்டியை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனாரு.

நான் ரெண்டு வெளமீனை நல்லா முறுகப் பொரிச்சு, ஒரு தட்டுல சோறும் மீனுமா எடுத்துக்கிட்டுப் போய் அண்ணன் முன்னாடி வெச்சேன். வெச்சிட்டுப் பக்கத்துல உட்கார்ந்தேன். அவரு வலையைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

"பதினஞ்சு வயசுல இருந்து அவன்கூடப் போறேன்"னாரு. இருபது நாளைக்கு அப்புறம் என்கிட்டப் பேசின முதல் பேச்சு. "புயல்ல வள்ளம் போனப்ப ரெண்டு பேரும் ஒரே பலகையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணரை நாள் கிடந்தோம். அவன் என் தம்பி ராக்கு."

"தெரியும்ண்ணே."

"இதைத் தின்னா அவன் எனக்குத் தம்பி இல்ல."

"தின்னலைன்னா அவரே இல்லைண்ணே."

அண்ணன் தலையைத் தூக்கி எதிர்ல பார்த்தாரு. நம்புராஜன் அவரு வீட்டு வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. கால் ரெண்டும் தரைக்கு எட்டல. அவரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு, தட்டையும் பார்த்தாரு.

அண்ணன் வலையை மடியில இருந்து இறக்கி வெச்சாரு. மீனை ஒரு ஓரமாப் பிய்ச்சு, சோத்தோட பிசைஞ்சு, கையிலயே கொஞ்ச நேரம் வெச்சிருந்தாரு. அப்புறம் வாயில போட்டாரு. அழுதுக்கிட்டே தின்னாரு, நானும் தடுக்கல, தண்ணிச் செம்பை மட்டும் கிட்டத் தள்ளி வெச்சேன். ஒரு பக்கம் தின்னு முடிச்சு, திருப்பிப் போட்டு மறுபக்கமும் தின்னு, முள்ளை எல்லாம் தட்டோரமா ஒதுக்கி வெச்சிட்டு எந்திரிச்சாரு. கை கழுவினாரு. கொடியில கிடந்த சட்டையை எடுத்து மாட்டினாரு.

"உருமாத் துண்டு எத்தனை முழம் வாங்கட்டும்?"

"அஞ்சு."

அவரு எதிர்வீட்டுப் பெஞ்சை ஒரு தடவை பார்த்தாரு. "அவன் இப்ப இருக்கிற அளவுக்கு மூணே தாராளம்."

"அஞ்சே வாங்குங்கண்ணே. கட்டினதும் வளர்ந்துருவாரு."